பாட்டு நிற்கும் இடம்

திரை விலகியதும் பரிதியின் கண்ணில் முதலில் பட்டவை அவனுடைய முழங்கால்கள்தான். காக்கி அரைக்கால் சட்டைக்கு வெளியே, இருபத்திரண்டு வயது முடி முளைத்த இரண்டு முழங்கால்கள், ஏழாம் வகுப்புப் பையனுடையவை என்று ஒரு மண்டபம் நிறைந்த ஜனத்திடம் பொய் சொல்லத் தயாராக இருந்தன. இடது கால் லேசாக ஆடியது. பயத்தில் ஆடுகிறதா, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் அதிர்வில் ஆடுகிறதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டு நிற்கும்போது தெரிந்துவிடும் என்று நினைத்தான். நினைத்ததும் அடிவயிற்றில் ஐஸ் தண்ணீர் இறங்கியது, ஏனென்றால் பாட்டு நிற்கத்தான் போகிறது, அதுவும் அவனுக்காகவே நிற்கப் போகிறது. திருச்சியில் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கூடுகிற நாடகக் குழு அவர்களுடையது. மற்ற நாட்களில் வங்கியிலும் கடையிலும் கல்லூரியிலும் இருப்பவர்கள். தெருமுனை நாடகம், அரைமணி நேர நாடகம் என்று போட்டுப் பழகியவர்கள், ஒரு வருஷம் மெனக்கெட்டு, முதல் தடவையாக முழுநீளப் பாட்டு நாடகம் போடுகிறார்கள். பெயர் ‘ஏழாம் வகுப்பு ஆ பிரிவு’. முதல் காட்சியே வருகைப் பதிவுதான். அடைக்கலம் சார் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் எழுந்து ஒரு வரி பாடிவிட்டு உட்காருவார். அடுத்த பெயர், அடுத்த வரி. புதிதாகச் சேர்ந்த பையனின் பெயர் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் போலக் கடைசியில் இருக்கும். அது வருகிறபோது இசை பட்டென்று அறுந்துவிடும். அந்த அமைதியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, பாடாமல், வெறும் குரலில், ‘உள்ளேன் ஐயா’ என்பான். சொன்ன மாத்திரத்தில் பறையும் ட்ரம்ஸும் இறங்க, வகுப்பு மொத்தமும் பெஞ்சு மேல் ஏறி ஆடும். அந்தக் கடைசிப் பெயர் பரிதி. பரிதிக்குத் திக்குவாய். குழுவில் இது யாருக்கும் தெரியாது.

“ஆதிரை…” என்று இழுத்தார் அடைக்கலம் சார், அதாவது ஒட்டு மீசை வைத்த மன்சூர். மருந்துக் கம்பெனி வேலையில் டாக்டர்கள் வீட்டு வாசலில் காத்துக் காத்தே அந்த வாத்தியார் முதுகு வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறவன். முதல் பெஞ்சில் ஆதிரை துள்ளி எழுந்து, உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா, உடம்பு மட்டும் உள்ளேன் ஐயா என்று பாட, மண்டபத்தில் எங்கோ ஒரு குடும்பம் மட்டும் பலமாகக் கை தட்டியது. அவளுடைய குடும்பமாகத்தான் இருக்கும். நாடகத்தில் வாத்தியாரைத் தவிர எல்லோருக்கும் அவரவர் சொந்தப் பெயர். இது இயக்குநர் சங்கமித்திரா அக்காவின் கொள்கை. சொந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் முதுகுத் தண்டு திரும்பும், வேற பேருக்குத் திரும்புறது நடிப்பு என்பாள். அவளுக்கு நடிப்பு பிடிக்காது, நாடகம்தான் பிடிக்கும். பரிதியின் முதுகுத் தண்டு தன் பெயருக்கு எவ்வளவு நன்றாகத் திரும்பும் என்று அவளுக்குத் தெரியாது. நிஜமான ஏழாம் வகுப்பில், நிஜமான ஆ பிரிவில், காலையில் பல் விளக்கும்போதே அந்தத் தண்டு திரும்ப ஆரம்பித்துவிடும். மணி அடித்து, வாழ்த்துப் பாடி, வரிசையாக நடந்து, உட்கார்ந்து, சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பேனா மூடியைக் கழற்றி, முதல் பெயரைச் சொல்கிறவரை எல்லாமே ஒரு குழாய் மாதிரி ஒடுங்கிக்கொண்டே வந்து அந்த இரண்டு சொல்லில் போய் முடியும். முதல் வாரம் எழுந்து நின்று வாயைக் குவித்து அப்படியே இருந்தான். “வாயில என்னடா, கொழுக்கட்டையா?” என்றார் சார். வகுப்பு சிரித்தது. இரண்டாம் வாரம் கையைத் தூக்கிப் பார்த்தான். “கை இருக்குன்னு தெரியுது. வாய் இருக்கா?” வகுப்பு இன்னும் நன்றாகச் சிரித்தது. சார் கெட்டவர் இல்லை. சிரிப்பு வருகிற இடத்தை விட்டுவைக்க மாட்டாதவர், அவ்வளவுதான். மூன்றாம் வாரத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேவிட் அவனுக்காகச் சொன்னான். சார் தலையைக் குனிந்து டிக் போடுகிறவர், நிமிர்ந்து பார்க்க மாட்டார். டேவிட் தன் முறைக்குக் கனமாக ஒன்று, பரிதியின் முறைக்கு மூக்கால் ஒன்று என்று இரண்டு குரலில் இரண்டு ஆட்களாக இருந்தான். ஒரு முழு வருஷம் பரிதி இருப்பதற்கு டேவிட் சாட்சி. எட்டாம் வகுப்பில் டேவிட்டின் அப்பாவுக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. பரிதியின் அம்மா அதற்குள் அவன் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவி, சமயபுரத்துக்கு மொட்டை போட்டு, வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு பாடம் படிக்கச் சொல்லி, அவன் கல்லை விழுங்கிவிட்டதும் அதையும் நிறுத்தியிருந்தாள்.

இப்போது இரண்டாவது பெஞ்சு பாடிக்கொண்டிருந்தது. பரிதியின் வாயும் கூடவே பாடியது, கோரஸ் வரும் இடத்தில் கச்சிதமாகச் சேர்ந்தது, ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. இதுதான் இருப்பதிலேயே பெரிய அநியாயம். பாட்டில் அவனுக்குத் திக்காது. மெட்டுக்குள் ஏறிவிட்டால் எல்லா எழுத்தும் அவனுக்குக் கீழ்ப்படியும், தண்டவாளத்தில் ஏறிய ரயில் மாதிரி. இறங்கி ரோட்டில் நடக்கச் சொன்னால்தான் வம்பு. அதை நம்பித்தான் குழுவில் சேர்ந்தான். அப்போதும் “பாடத் தெரியுமா?” என்று கேட்டார்களே தவிரப் பேசத் தெரியுமா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பான். தலையாட்டல் அவனுடைய தாய்மொழி. அவனுடைய திக்கலும் ஊரில் மற்றவர்களுடையது மாதிரி இல்லை. க-க-க என்று சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக் கொடுப்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பழக்கி அடக்கிவிட்டான். இப்போது அது ஊமைத் திக்கல். சொல் வர மறுத்தால் வாயை மூடிக்கொண்டு எங்கேயோ யோசிப்பதுபோல் பார்ப்பான், எதிரில் இருப்பவர் அவசரப்பட்டு அந்தச் சொல்லை அவரே சொல்லிவிடுவார், இவன் ஆமாம் என்று தலையாட்டுவான். எதிரில் இருப்பவர் தப்பான சொல்லைச் சொன்னாலும் ஆமாம்தான். இப்படித்தான் ஒரு தடவை சலூனில் மீசை போயிற்று. பஸ்ஸில் பாலக்கரை என்று சொல்ல வராது என்பதால் ஜங்ஷன் என்று டிக்கெட் வாங்கி, நடுவில் இறங்கினால் கண்டக்டர் ஏன் என்று கேட்பாரோ என்று பாலக்கரையைத் தாண்டிப் போய், வெயிலில் திரும்பி நடந்து வருவான். காபி பிடிக்கும், குடிப்பது டீ. வேலை செல்போன் பழுது பார்ப்பது. அதில் ஒரு பேச்சும் இல்லை, ஊதுகிற சால்டரிங் புகையும் பூதக்கண்ணாடியும் மட்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க யாருக்காவது ஒரு கால் போட வேண்டுமே என்கிற அந்தக் கட்டத்தை மட்டும் முதலாளியிடம் தள்ளிவிடுவான். இந்த மாதிரி வாழ்கிறவனை உலகம் திக்குவாய் என்று சொல்லாது, அமைதியானவன் என்று சொல்லும். சனிக்கிழமைக் குழு அதற்கும் மேலே போயிற்று. போன மாசம் டீ குடிக்கும்போது சங்கமித்திரா அக்கா எல்லோர் முன்னாலும், “இந்தக் கும்பல்ல யோசிச்சுப் பேசுற ஒரே ஆள் பரிதிதான்” என்றாள். லிடியா, “அவன் யோசிக்கிறான்க்கா. பேசி எங்க பாத்தீங்க?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பரிதியும் சிரித்தான். அது வேறு மாதிரிச் சிரிப்பு, அவனையும் உள்ளே வைத்துச் சிரித்த சிரிப்பு. அன்றைக்கு ராத்திரி அதை நினைத்துக்கொண்டே தூங்கினான். அந்த ஒரு இடம்தான் இருக்கிறது அவனுக்கு. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது இருக்காது.

எல்லாம் பொன்னுக்கு வீங்கியால் வந்தது. கடைசிப் பெயர் தினகருடையதாக இருந்தது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பையாக வாங்கிக் குவித்த தினகர், சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற பொன்னுக்கு வீங்கியைப் போய் இந்த வயதில் வாங்கிக்கொண்டு, இன்று காலையில் கன்னம் இரண்டும் பூசணிக்காயாக, கழுத்தில் அவனுடைய அம்மாவின் தங்கச் சங்கிலியோடு ஒரு படம் அனுப்பினான். பள்ளிக்கூட நாடகத்துக்காக இவ்வளவு தூரம் கேரக்டருக்குள் போயிருக்க வேண்டாம் என்று மன்சூர் பதில் போட்டான். சங்கமித்திரா அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மண்டபத்து வராந்தாவில் சுற்றும் முற்றும் பார்த்தாள், பரிதியைப் பார்த்தாள், அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. “பரிதி, நீ சொல்லிரு. ரெண்டே வார்த்தை. உனக்குன்னே எழுதினது மாதிரி இருக்கும், பேசாதவன் பேசுறான்.” அவன் சொல்ல நினைத்தது, முடியாதுக்கா. மு அதுவரை அவனுக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. ப, க, உ, இவை மூன்றும்தான் பரம்பரை எதிரிகள். மு நட்பு நாடு. இன்று காலை அதுவும் கட்சி மாறியது. உதடு ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. மறுப்பைச் சொல்ல முடியாமல் அவன் எங்கேயோ யோசிப்பதுபோல் பார்த்தான். “யோசிக்காத. அதெல்லாம் வரும்” என்று தோளில் தட்டிவிட்டு அவள் போய்விட்டாள். பேச முடியாது என்பதைப் பேசிச் சொல்ல முடியாததால் பேச ஒப்புக்கொண்டவன் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. ஒத்திகையிலாவது உடைந்துவிடும், எல்லோருக்கும் தெரிந்துவிடும், அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தான். ஒத்திகையில் நேரம் இல்லை. அந்த இடம் வந்ததும் அக்கா கையைத் தட்டி, “இங்க பரிதி சொல்லுவான், சொல்லிட்டான், மேளம், ஏறுங்க” என்று தாண்டிவிட்டாள். ஒரே ஒரு தடவை, அவள் கேட்கட்டும் என்று, அந்த இரண்டு சொல்லையும் பாட்டின் மெட்டிலேயே மெதுவாகப் பாடிப் பார்த்தான். “பாடாதடா. எல்லாரும் பாடுறாங்க, நீ ஒருத்தன் பேசணும். அதான் சீனே.” சரி, வேறு ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்றால், அங்கே குபேந்திரன் இருக்கிறான். வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ள வசதி இல்லாத குழு. இசை மொத்தமும் ஒரு லேப்டாப்பில். அதை நிறுத்தவும் ஓட்டவும் குபேந்திரன். மண்டபத்தின் பின்பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் அவனுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள், மேடை தெரியாது, ஹெட்போனில் மைக் சத்தம் மட்டும் வரும். ஆளும் ஒரு தினுசு. போன நாடகத்தில் யாரோ தொண்டையைக் கனைத்ததை வசனம் என்று நினைத்துப் பாட்டைப் போட்டுவிட்டான், அக்கா கிழித்துவிட்டாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே சட்டம். “உள்ளேன் ஐயான்னு என் காதுல முழுசா விழணும். வானமே இடிஞ்சாலும் அதுக்கு முன்னாடி அமுக்க மாட்டேன்.”

மூன்றாவது பெஞ்சு எழுந்துவிட்டது. அதற்குள்ளா. மண்டபத்து இருட்டில் முகங்கள் தெரியவில்லை, அங்கங்கே செல்போன் வெளிச்சம் மட்டும், ஏதோ ஒன்று அவன் பழுது பார்த்ததாகக்கூட இருக்கலாம். உள்ளேன். என்ன சொல் இது. இலக்கணம் படித்தவர்கள் இதைக் குறிப்பு வினைமுற்று என்பார்கள், காலம் காட்டாது என்பார்கள். அதெல்லாம் இருக்கட்டும், எவனாவது இப்படிப் பேசுகிறானா? கதவைத் தட்டி யாருப்பா உள்ளே என்று கேட்டால் உள்ளேன் என்று பதில் சொல்கிறவன் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும், மூக்கு ஒழுகுகிற வயதில், தினமும் காலையில், தான் இருப்பதைச் செந்தமிழில் அறிவித்தாக வேண்டும். வந்திருக்கேன் சார் என்றால் போதாதா? வ அவனுக்கு நன்றாக வரும். வந்துட்டேன் சார், வந்துட்டேன் சார், வெண்ணெய் மாதிரி வரும். குபேந்திரன் அமுக்க மாட்டான். எழுந்ததும் மயக்கம் போட்டு விழலாம். அப்போதும் அமுக்க மாட்டான். வாந்தி எடுக்கலாம், அது உண்மையிலேயே வரும்போல் இருக்கிறது. டேவிட் மாதிரி யாராவது சொல்லிவிட்டால்? குபேந்திரனுக்குத்தான் மேடை தெரியாதே, யார் சொன்னால் என்ன. பக்கத்தில் இரட்டைச் சடையோடு லிடியா உட்கார்ந்திருக்கிறாள், ஜவுளிக் கடை மைக்கில் நாளெல்லாம் தள்ளுபடி அறிவிக்கிற குரல். அவளிடம் சொல்லிவிட்டால் போதும். கிசுகிசுத்தால் அவனுக்குத் திக்காது, அதுவும் ஒரு விசித்திரம், குரலை எடுத்துவிட்டால் சொல் தானாக வழுக்கி வரும். எனக்காக நீ சொல்லு என்று காதில் சொல்லலாம். ஆனால் ஏன் என்று அவள் கேட்பாளே, அதுவும் அந்தக் குரலில். அதைவிட, சட்டைக் காலரில் குண்டூசி மாதிரிக் குத்தி வைத்திருக்கிற வாடகை மைக், காட்சி முடிகிறவரை எல்லோருடையதும் திறந்தே இருக்கும் என்று காலையில் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அவன் மூச்சு விடுவதுகூட இப்போது குபேந்திரன் காதில் விழுந்துகொண்டிருக்கும். மூச்சை அடக்கினான். அடக்கியதும் நெஞ்சு இறுகியது, நெஞ்சு இறுகினால் தொண்டை இறுகும், தொண்டை இறுகினால் உ வராது, உ வராவிட்டால், என்று வரிசையாக எல்லாக் கதவும் சாத்திக்கொண்டு வந்தது. தளர்த்து, தளர்த்து என்று தனக்குள் சொல்லிக்கொண்டான், தளர்த்து என்று சொல்லச் சொல்ல இறுகியது. ஒரு தடவை சரியாக வந்துவிட்டால்? வரும் சில நாள். சில நாள் பாலக்கரைகூட வரும், கண்டக்டரே ஆச்சரியப்படாத அளவுக்குச் சாதாரணமாக வரும், அன்றைக்கெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து ராஜா மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு போவான். இன்று அப்படி ஒரு நாளாக ஏன் இருக்கக் கூடாது? “லிடியா…” என்றார் அடைக்கலம் சார்.

லிடியா எழுந்தபோது பெஞ்சு அவன் பக்கம் தாழ்ந்தது. அவளுக்குப் பிறகு அவன்தான். அவள் வரி நீளமானது, கையெழுத்து மோசம், கணக்கும் மோசம், காதில் கம்மல் மட்டும் புதுசு என்று போகும், எழுதியவர்கள் அதை இன்னும் நீளமாக எழுதியிருக்கலாம், ஒரு ராமாயணமாகவே எழுதியிருக்கலாம். ஜனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு மேடை விளிம்பைத் தாண்டி வந்து அவன் முழங்காலைத் தொட்டது. இப்படித்தான், இதே ஜனம்தான், இதே வாயால்தான். அவள் உட்கார்ந்தாள். ட்ரம்ஸ் ஒரு உருட்டு உருட்டி ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், அறுந்தது. ஸ்பீக்கர் பெட்டி செத்தது. இடது கால் ஆடிக்கொண்டிருந்தது. “பரிதி” என்றார் அடைக்கலம் சார், ராகம் இல்லாமல், வெறுமனே. அவன் எழுந்தான். எழுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, கால்கள் நன்றாக நின்றன. உதடு குவிந்தது. உ-வுக்கு உதடு குவிய வேண்டும், சீட்டி அடிப்பதுபோல, அது குவிந்து தயாராகி அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் ஒன்றும் வரவில்லை. தொண்டையில் யாரோ குழாயைத் திருகி மூடியதுபோல், காற்று வந்து முட்டி முட்டி நிற்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் தானாக மூடப் பார்க்கிறது. ஜனம் சிரித்தது. அவர்களுக்கு இது காட்சியின் ஒரு பகுதி; புதுப் பையன், பயந்த பையன், நன்றாகச் செய்கிறான். சிரிப்பு ஏறியது, நின்றது, மெல்ல இறங்கத் தொடங்கியது. இந்த இறக்கம் அவனுக்கு நன்றாகத் தெரியும். எல்லோரும் சிரித்து முடித்து, ஏன் இன்னும் ஒன்றும் வரவில்லை என்று ஒவ்வொருவராகக் கவனிக்கிற இறக்கம். கடைசிச் சிரிப்பும் அடங்கியது. “உள்ளேன் ஐயா” என்று பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து சங்கமித்திரா அக்கா கிசுகிசுத்தாள். கொஞ்சம் பொறுத்து, ஒவ்வொரு எழுத்தாக, “உள்… ளேன்… ஐ… யா.” இருபத்திரண்டு வருஷத்தில் அவனளவுக்கு அந்தச் சொல்லைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது, அவனுக்கு அதை எடுத்துக் கொடுக்கிறாள். முன்வரிசையில் ஒரு பெண் குரல், இரக்கத்தோடு, மண்டபத்துக்கே கேட்கும்படி: “அய்யோ பாவம், வசனம் மறந்துபோச்சு போல.”

மறந்துபோச்சு. அந்தச் சொல் அவன் மேல் நிழல் மாதிரி விழுந்தது. மறந்துபோகலாம். மறப்பது எல்லோருக்கும் உண்டு, மறந்தவனை யாரும் எதுவும் சொல்வதில்லை, கடைசி நேரத்தில் கொடுத்த வசனம் வேறு. அடுத்த சனிக்கிழமை டீ குடிக்கும்போது, பேசாதவனைப் பேசச் சொன்னா இப்படித்தான் என்று லிடியா சொல்வாள், எல்லோரும் சிரிப்பார்கள், அவனையும் உள்ளே வைத்துத்தான் சிரிப்பார்கள். யாருக்கும் தெரியப் போவதில்லை. மன்சூரும் அந்த வாசலைத்தான் அவனுக்குத் திறந்துவிட்டான். வாத்தியார் குரலில், மீசையைத் தடவிக்கொண்டு, “என்னப்பா, பேரைக் கேட்டா ஆள் எந்திரிக்குது, சத்தத்தைக் காணோம். உக்காரு, உக்காரு. ஆப்சென்ட் போட்டுக்குறேன்” என்றான். மண்டபம் நிம்மதியாகச் சிரித்தது. உட்கார வேண்டியதுதான் பாக்கி. பரிதியின் முழங்கால் மடங்கக்கூடத் தொடங்கியது, அப்போதுதான் அவனுக்குத் தூணுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஆளின் நினைப்பு வந்தது. ஆப்சென்ட் என்று மன்சூர் சொன்னது காதில் விழுந்திருந்தாலும் குபேந்திரன் அமுக்க மாட்டான். ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரண்டு சொல்லுக்காகக் காத்திருப்பான். மேளம் வராது. பெஞ்சு மேல் ஏற வேண்டியவர்கள் ஏற முடியாது. சங்கமித்திரா அக்கா திரையை விட்டு வெளியே வந்து, இறங்கி, ஜனத்துக்கு நடுவே புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓட வேண்டும், எல்லோரும் தலையைத் திருப்பி அவள் ஓடுவதைப் பார்ப்பார்கள், ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகள் எல்லாம் அப்படி ஓடி முடியும். அவன் இரகசியம் மட்டும் பத்திரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். மடங்கிய முழங்கால் பாதியில் நின்றது. இருக்கிற ஒரே வழி எது என்று அவனுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் மண்ணைப் போட்டு மூடியது. வாயைத் திறந்து, அடக்கி வைத்திருந்த அந்தச் சத்தத்தை, வரட்டும் என்று விட்டான்.

“உ,” என்றான். “உ, உ, உ, உ…” காலரில் இருந்த மைக் அதை எடுத்துப் பெட்டிக்குக் கொடுக்க, பெட்டி அதைப் பத்து மடங்காக்கி மண்டபம் முழுக்க வீசியது, பின் சுவரில் போய் மோதி அவனிடமே திரும்பி வந்தது. தன்னுடைய திக்கல் எப்படி இருக்கும் என்று இத்தனை காலம் கழித்து இப்போதுதான் கேட்கிறான். பழைய மோட்டார் பம்ப் தண்ணீர் எடுக்காமல் இழுப்பது மாதிரி இருந்தது. யாரோ ஒருவர் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். லிடியா தலையை நிமிர்த்தி அவனைப் பார்ப்பது கன்னத்தில் உறைத்தது. மன்சூரின் பேனா நின்றுவிட்டது, முகத்தில் வாத்தியார் போய் மன்சூர் வந்துவிட்டான், வாய் லேசாகத் திறந்திருந்தது. சரி, இவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும். திரைக்குப் பின்னால் அக்காவின் கிசுகிசுப்பும் நின்றுவிட்டது, அவளுக்கும்தான். உ, உ, என்று இழுத்து, தலை ஒரு வெட்டு வெட்டி, கண்ணை மூடி, “உள்ள்…ளேன் ஐயா” என்று முடித்தான். முடித்துவிட்டான். பெஞ்சில் எல்லோரும் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கினார்கள். மேளம் வரவில்லை. தூக்கிய கால்கள் அப்படியே நின்றன. குபேந்திரன் அமுக்கவில்லை. அந்தச் சத்தத்தை அவன் மைக் கோளாறு என்று நினைத்திருப்பான், வயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருப்பான், வசனம் இனிமேல்தான் வரும் என்று காத்திருப்பான். பரிதி அந்த அமைதியில் நின்று, பயம் மறுபடி அடிவயிற்றிலிருந்து கிளம்புவதற்காகக் காத்திருந்தான். கிளம்பியது. வழக்கமான பாதையில் நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது. யாரிடமிருந்து ஒளிப்பது என்று கேட்பதுபோல் அங்கே சற்றுத் தடுமாறியது. மன்சூர் பேனாவைக் கீழே வைத்தான். “நல்லாக் கேக்கல தம்பி,” என்றான், வாத்தியார் குரலா மன்சூர் குரலா என்று தெரியாத ஒரு குரலில். “ஒண்ணும் அவசரமில்ல.” பரிதி மூச்சை இழுத்தான். இரண்டாவது தடவை முதலைவிட நீளமாகத்தான் திக்கியது. உ-வில் நின்று, உள்-ளில் நின்று, ஐ-யில்கூட, இதுவரை ஒரு நாளும் தடுக்காத அந்த ஐ-யிலும் ஒரு நடை நின்று, ஆகிற நேரத்தை ஆகவிட்டுச் சொல்லி முடித்தான். மண்டபத்தில் ஒருவரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு பெட்டி உறுமி, பறை இறங்கி, பெஞ்சுகள் அதிர, பக்கத்தில் இருந்தவர்கள் அவனையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். கால் எது கை எது என்று தெரியாமல் குதித்துக்கொண்டிருந்த அவன் காதருகில், இரட்டைச் சடையால் அவன் முகத்தில் அடித்தபடி, லிடியா சீறினாள். “இடது கால்டா, முண்டம். இடது.”

வழக்கமாக இந்த இடத்தில் அவன் தலையாட்டுவான்.

“தெ, தெ, தெ,” என்றான் பரிதி, ஆடிக்கொண்டே, “தெரியும்.”